நிலாவெளி மணலும் ஒரு பின்னச்சும்

கந்தளாய்

இலங்கையில் ஹபரணையைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இருபுறமும் காடு அடர்ந்து, யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்துகொண்டிருந்த வரையில் நான் அந்நிய தேசத்தில் பிரயாணம் செய்கிறேன் என்பது மனத்தில் உறுதியாகவே இருந்தது. ஆனால் காடு விலகி, கந்தளாய்க் குளத்தின் நீர்ப்பரப்பும் அதன் கீழே பச்சை வயல்களும் விரிந்த மாத்திரத்தில், காவேரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த என் கண்கள் ஒரு க்ஷணம் ஏமாந்து, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்துக்குள் நுழைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டன.

அந்த மயக்கம் வெகுநேரம் நீடிக்கவில்லை. எங்கள் வயல்களுக்கு நீர் எங்கோ குடகிலிருந்து ஓடிவர வேண்டும். இந்த வயல்களுக்கு நீர் தலைமாட்டிலேயே படுத்திருக்கிறது. குளக்கோட்டு மன்னன் கட்டிய குளம் என்பது அப்பிரதேசத்துத் தமிழ் மரபு. தேநீர்க் கடையில் என்னருகே அமர்ந்திருந்த முதியவருக்கோ அதைக் கட்டியவர் யார் என்பதில் அவ்வளவு சிரத்தை இல்லை. 1986 ஏப்ரலில் அதன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதுதான் அவருக்கு நேற்று நடந்ததுபோல் இருந்தது. அவர் எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும், மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரின்மேல் பாணி ஊற்றி ஒரு கோப்பையும் வாங்கிக் கொடுத்து, காசு கொடுக்க நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டார். தயிருக்கு உப்பும் ஊறுகாயும் தவிர வேறு துணை அறியாத எனக்கு அந்த இனிப்பு முதல் வாயில் விநோதமாகவும், மூன்றாம் வாயில் மிகவும் நியாயமாகவும் பட்டது.

அக்கடை வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் வந்து திரும்பியது. இரண்டே சில்லுகளும் நீண்ட கைப்பிடிகளும் உள்ள அந்தச் சிறு உழவு இயந்திரத்தின் பின்னே ஒரு பெட்டியைப் பூட்டி, நெல்மூட்டைகளோடு குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போவது அந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். (நாம் சக்கரம் என்பது அவர்களுக்குச் சில்லு, அந்தச் சொல் எனக்கு உடனே பிடித்துவிட்டது.) திரும்புகையில் ஓட்டியவர் இடது கைப்பிடியின் கீழிருந்த சிறு நெம்பு ஒன்றை அழுத்தினார், இடது சில்லு இழுப்பதை நிறுத்திக்கொண்டது, வலது சில்லு மட்டும் தள்ளித் தள்ளி வண்டியைத் திருப்பிவிட்டது. அது எனக்கு வேடிக்கையாக மட்டுமே இருந்தது. அதன் அர்த்தம் மூன்று நாட்கள் கழித்து, ஒரு கராஜில் எண்ணெய்க் கறை படிந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

கோணேசர் மலை

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் எல்லோரும் அதன் துறைமுகத்தை வருணிப்பார்கள். நான் அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நிலம் தன் இரு கைகளாலும் சமுத்திரத்தை அணைத்து, அதற்குள்ளே மறுபடியும் சிறு சிறு கைகளாக மடங்கி ஒளித்து வைத்திருக்கும் அந்த ஆழ்ந்த நீரைப் பார்த்தவர்களுக்கு, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏன் இதற்காக மாறி மாறி அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கோணேசர் மலையில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1624-இல் தகர்த்து அதன் கற்களைக் கோட்டைக்கு இட்டார்கள். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள்; 1963-இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று கோட்டை வாசலில் ராணுவக் காவல் நிற்க, அதன் ஊடாகவே அர்ச்சனைத் தட்டோடு பக்தர்கள் நடக்க, இருவரையும் பொருட்படுத்தாத புள்ளிமான்கள் நடுவீதியில் நின்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருக்கின்றன.

பிராகாரத்தில் ஒரு பாட்டனாரும் பேத்தியும் கைகோத்துப் பிரதக்ஷிணம் செய்துகொண்டிருந்தார்கள். பாட்டனார் உட்பக்கம், குழந்தை வெளிப்பக்கம். நேர்ச்சுவரின் ஓரமாக இருவரும் ஒரே நடையாக நடந்தார்கள். மூலை வந்ததும் பாட்டனார் நின்ற இடத்திலேயே அடி மாற்றிக்கொள்ள, குழந்தை ஓடவேண்டியதாயிற்று; மூலை கழிந்ததும் பழையபடி நடை. நான்கு மூலையிலும் இவ்வாறு ஓடிய அந்தப் பிள்ளைக்கு அதுவே தரிசனத்தின் பிரதான இன்பமாக இருந்ததென்பது அதன் சிரிப்பில் தெரிந்தது.

நிலாவெளி

கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் இளைஞரின் ஓட்டோவில் மறுநாள் நிலாவெளிக்குப் போனேன். ஆட்டோ என்று நாம் சொல்வது அங்கே ஓட்டோ, ஆயில் ஒயில். வண்டி ஒன்றுதான், புனேயிலிருந்து வந்த அதே பஜாஜ். எங்கள் ஊரில் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரே சாதியாய் நிற்கும் அந்த வண்டி இங்கே சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும், உள்ளே மெத்தென்ற ஆசனமும் வண்ண விளக்குகளும் பூண்டு, ஒவ்வொன்றும் ஒரு சிறு வீட்டின் முன்னறைபோல் இருக்கிறது. வீட்டைப்போலவே அதைப் பராமரிக்கிறார்கள். பராமரிக்கவும் வேண்டும், ஏனெனில் 2020-இல் அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதிய வண்டி என்பது பகற்கனவாகி, 2025-இல்தான் அந்தத் தடை படிப்படியாக விலகத் தொடங்கியது. 2022-இல் பெற்றோலுக்காக இரண்டு இரவுகள் வரிசையில் வண்டிக்குள்ளேயே உறங்கியதை அவர் எந்தப் புகாரும் இல்லாமல், ஒரு திருவிழாவை விவரிப்பவர்போல் விவரித்தார்.

கடற்கரை அழகில் நான் சொக்கிப்போனேன் என்பது உண்மை. ஆழமில்லாத நீர் பாலில் நீலம் கரைத்ததுபோல் கிடக்க, எதிரே புறாத்தீவு சிறு கருமேகம்போல் மிதக்க, இன்னும் கொஞ்சம் அருகே போகலாமே என்று நான்தான் சொன்னேன். அவருக்கும் மறுக்க மனமில்லை. தார் முடிந்த இடத்திலிருந்து பத்து முழம் போவதற்குள் வலது பின்சில்லு மணலில் இறங்கிவிட்டது.

"நீங்க இருங்க ஐயா, எடுத்திரலாம்" என்று சொல்லி அவர் பிடியை முறுக்கினார். புதைந்த சில்லு வெறிபிடித்ததுபோல் சுழன்று மணலை வாரி இறைத்தது. இடது சில்லு கெட்டித் தரையில் நின்றது. அதற்கு ஓடுவதற்கு எல்லா வசதியும் இருந்தும் இம்மியும் அசையவில்லை. உதவ வேண்டியவன் கைகட்டி நிற்க, முடியாதவன் மட்டும் துடிப்பதென்ன நியாயம் என்று எனக்குக் கோபமே வந்தது. ஐந்து நிமிஷம் இந்த ஆர்ப்பாட்டம் நடந்த பின், மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து சில்லுக்கடியில் சொருகினார். சுழன்ற வேகத்திலேயே சில்லு பலகையைப் பற்றிக்கொள்ள, வண்டி "டக்" என்ற ஓர் ஒலியோடு துள்ளி வெளியே வந்தது. நாங்கள் கைதட்டினோம். அந்த ஒலியை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று மத்தியானம் வீதியோரக் கடையில் தின்ற இடியப்பத்தையும் சொதியையும் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

கன்னியா வீதி

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் உண்டாக்கினான் என்பது ஐதிகம். குளித்தேன், சுகமாக இருந்தது.

அதே ஓட்டோவில் அங்கே போகும்போதே வளைவுகளில் பின்னாலிருந்து "கடக் கடக்" என்று ஒரு சப்தம் வந்துகொண்டிருந்தது. நேர்வழியில் அது அடங்கிவிடும், திரும்பினால் வரும். திரும்பி வருகையில், கிணற்றடிப் பாதையிலிருந்து பெருவீதிக்கு வளையும் இடத்தில், எதிரே வந்த பஸ்ஸுக்கு முந்திக்கொள்ள இளைஞர் ஒரு முறுக்கு முறுக்கினார். பின்னால் ஏதோ முறிந்தது. இயந்திரம் பாடியது, கியர் விழுந்தது, வண்டி நின்ற இடத்தில் நின்றது.

"இழுக்குதில்ல ஐயா" என்றார் அவர், மிகவும் மெல்லிய குரலில்.

அவருடைய தொழிற்சகாக்கள் இருவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தம் வண்டியிலிருந்தபடியே ஒரு காலை நீட்டி எங்கள் வண்டியின் பின்புறத்தில் ஊன்றித் தள்ளியவாறு நகரம் வரையில் கொண்டுவந்து சேர்த்தார். கும்பகோணத்திலும் இதே வித்தை உண்டு; சமுத்திரம் கடந்தும் அந்தக் கால் நீளுவதைக் கண்டு நான் நெகிழ்ந்துபோனேன்.

துறைமுகத்துக்குப் பின்வீதி

கராஜ் என்பது நான்கு தென்னந்தூண்களும் தகரக் கூரையும்தான். அதன் அதிபதிக்கு அறுபது வயது இருக்கலாம். அவர் வண்டியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "வளைவில மட்டும் சத்தமா, நேர் றோட்டிலயுமா?"

"வளைவில மட்டும்தான் அண்ணன்."

"அப்ப பெயாரிங் இல்லை."

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப்போல் ஒரே வினாவில் பாதி நோயை விலக்கிவிட்ட அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணத்தை அவர் சொன்னார். ஓட்டோவில் எஞ்சினோடு ஒட்டிய பற்சக்கரப் பெட்டிக்குள்ளேயே டிஃபரன்சியல் இருக்கிறது; அதிலிருந்து பக்கத்துக்கொன்றாக இரண்டு ஆக்சில்கள் சில்லுகளுக்குப் போகின்றன. நேரே ஓடும்போது அதற்குள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் தங்கள் ஊசியின்மேல் சுழலுவதில்லை. கூட்டோடு கூடப் பயணம் செய்கின்றன, அவ்வளவே. வண்டி திரும்பும்போதுதான் அவை கண்விழித்து, உட்சில்லுக்குக் குறைத்து வெளிச்சில்லுக்குக் கூட்டிக் கொடுக்கின்றன. ஆகவே வளைவில் மட்டும் சப்தம் என்றால் குற்றவாளி அங்கேதான்.

எனக்குப் பாட்டனாரும் பேத்தியும் ஞாபகம் வந்தார்கள். வாங்கிலிருந்தபடியே கணக்கும் போட்டுப் பார்த்தேன். இரு பின்சில்லுகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய நாலடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கால்வட்டத் திருப்பத்தில் வெளிச்சில்லு உட்சில்லைவிட ஆறடிக்கு மேல் அதிகமாக ஓடவேண்டும். திருப்பம் சந்து முனையில் குறுகியதாக இருந்தாலும் கோட்டையைச் சுற்றுவதுபோல் அகன்றதாக இருந்தாலும் அந்த ஆறடி மாறாது. வண்டியின் பின்புறத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கிக் கியரில் போட்டுவிட்டு, முறியாத ஒரு வண்டியில் அவர் இதைச் செய்தும் காட்டினார்: ஒரு சில்லை முன்னே சுற்றினால் மற்றது பின்னே சுற்றியது. எங்கள் வண்டியில் ஒன்று சுற்றியது. மற்றது சும்மா இருந்தது.

நிலாவெளியில் நான் கோபித்துக்கொண்ட அநியாயத்துக்கும் இதுதான் விடை. எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே ஓட்டத்தைக் கொடுத்துவிடுவது அந்த யந்திரத்தின் சுபாவம். மணலில் சிக்கிய சில்லு எதிர்ப்பில்லாமல் சுழன்றதால் மற்றச் சில்லின் பங்கையும் அதுவே வாங்கிக்கொண்டு இரட்டிப்பு வேகத்தில் ஓடியது. வளைவுகளில் மட்டும் இரண்டொரு க்ஷணம் உழைக்கவேண்டிய சிறு பற்சக்கரங்கள் ஐந்து நிமிஷம் இடைவிடாமல் சுழன்று வெந்துபோயின. எஞ்சினை இறக்கிப் பெட்டியைத் திறந்தபோது வெளிவந்த ஒயிலில் இரும்புத் துகள் மின்னியது. குறுக்கு ஊசி நீலம் பாரித்திருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சுட்டால் அந்த நிறம் வரும்.

இதே பழுது எங்கள் ஊரில் நேர்ந்திருந்தால், பெட்டியைத் திறக்கு முன்பே, "முழுசா மாத்திடலாம் சார்" என்ற தீர்ப்பு வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாமான் கிடைக்கும் இடத்தில் யோசனைக்கு விலையில்லை. இந்த மனிதரோ ஒவ்வொரு பற்சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் பல் பல்லாகத் தடவி, பெரிய வளையமும் பக்கச் சக்கரங்களும் பிழைக்கும் என்றும், ஊசியும் சிறு பற்சக்கரங்களும் அவற்றின் வாஷர்களும் மட்டுமே போகவேண்டும் என்றும் தீர்மானித்தார். அப்படியானால் முறிந்த ஆக்சிலையும் ஒட்டவைத்துவிடலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, இது நாற்காலிக் கால் இல்லை. வெல்டிங் வைச்சால் வைச்ச இடம் நிற்கும். பக்கத்தில உள்ள இரும்பு பதம் கெட்டுப்போகும். பிறகு அங்கதான் முறியும். ஆள் ஏறியிருக்கேக்க முறியும்."

முறிந்த துண்டை என் கையில் கொடுத்தார். முறிமுகத்தில் முக்கால் பங்கு மழுங்கி, கறுத்து, அலை ஒதுங்கிய மணல்போல் வரி வரியாக இருந்தது. கால் பங்கு மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் வெளுத்து மினுங்கியது. கறுத்தது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விண்டது. வெளுத்தது இன்று முறிந்தது. இளைஞர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். குற்றம் முழுவதும் தன்னுடையதல்ல என்று தெரிந்ததில் அவருக்கும், அவரை மணலுக்குள் இறக்கிய எனக்கும் சிறிது ஆறுதல்.

மாற்று ஆக்சில் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உலரத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தடவிக் கால்மணி நேரம் வெயிலில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடு எழுதிவிடுமாம். கோடு விழவில்லை.

காத்திருந்த நேரத்தில்தான் மூலையில் கிடந்த மற்றொரு வாகனம் என் கண்ணில் பட்டது: குழாய்ச் சட்டம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேற்பாதி, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், நான்கு ஓட்டோச் சில்லுகள். கராஜ்காரரின் மருமக்கள் இருவர் பண்டாரகமவில் நடக்கும் கார்ட் பந்தயங்களைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு ஆறு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த வண்டி அது. ஒரு வாய்க்காலைத் தாண்டியதில் அதன் பின்னச்சு வில்லாக வளைந்திருந்தது. போதாததற்கு அது திரும்ப மறுத்தது. கைச்சக்கரத்தை எவ்வளவு ஒடித்தாலும் பிடிவாதமாக நேரே போய்க்கொண்டிருந்தது.

"ஓட்டோ டிஃபரன்சியல் ஒண்டு தாங்கோ மாமா" என்று அவர்கள் அன்றும் விண்ணப்பித்தார்கள்.

"அது எஞ்சினோட ஒட்டிப் பிறந்த சாமான். தனியா வராது. எஞ்சினோட தூக்கி வைச்சால் அது கார்ட் இல்லையடா, சில்லு ஒண்டு கூடின ஓட்டோ."

1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் யந்திரத்துக்கான எஞ்சினைக் கொண்டு முதல் கார்ட்டைச் செய்த நாளிலிருந்து இன்றைய சர்வதேசப் பந்தயங்கள் வரையில் இந்தச் சிறு வண்டிகளின் பிரதான ஜாதிக்கு டிஃபரன்சியல் கிடையாது. இரு பின்சில்லுகளும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். திருப்பத்தில் முன்சில்லுகளின் சாய்வும் சட்டத்தின் நெளிவும் சேர்ந்து உட்புறப் பின்சில்லைத் தரையிலிருந்து ஒரு மயிரிழை தூக்கிவிடுகின்றன. தூக்கிய சில்லுக்குத் தரையோடு வழக்கு ஏது? பையன்களின் வண்டியிலோ அந்தச் சில்லு எழும்பவில்லை.

வளைந்த அச்சை நிமிர்த்தலாமா என்று கேட்டவனுக்கு, ஒருமுறை வளைந்த கம்பி வளையக் கற்றுக்கொண்டுவிட்டது என்று பதில் வந்தது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த பழைய படகின் சுழல்விசிறித் தண்டு ஒன்று கூரையில் செருகியிருந்தது. அதை அளந்து அறுத்தார்கள். சங்கிலிப் பற்சக்கரமும் பிரேக் தட்டும் இருந்த இடங்களைச் சோக்கால் குறித்துக்கொண்டு, பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் மட்டும் தட்டிப் பழைய அச்சை உருவினார்கள். இரும்புச் சுத்தியலை எடுத்த சிறியவனுக்கு ஓர் அதட்டல் விழுந்தது: முனை நசுங்கி விரிந்தால் பெயாரிங்குக்குள்ளால் வராது. புதிய தண்டு உள்ளே போனதும், ஒரு சில்லை மட்டும் ஆப்பு வைத்து அச்சோடு பூட்டச் சொல்லி, மற்றதைத் தன்பாட்டில் சுழலும்படி விட்டுவிட்டார் மாமா.

"மாட்டு வண்டில் எப்பிடித் திரும்புது? அப்பிடித்தான்."

அச்சோடு பூட்டாத சில்லுக்குப் பிரேக்கும் இல்லை என்பதைச் சொல்லி, அதற்குத் தனிப் பிரேக் வைக்கும் வரையில் மைதானத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டளையிட்டார். கந்தளாயில் கைநெம்பால் செய்யப்பட்ட காரியம், ஓட்டோவில் பற்சக்கரத்தாலும், பந்தய வண்டியில் மயிரிழை உயரத்தாலும், இங்கே ஓர் ஆப்பைக் கழற்றிவிடுவதாலும் நடப்பதை நினைத்துக்கொண்டு, நான் மூன்றாவது தேத்தண்ணியைக் குடித்தேன். மாலை ஐந்து மணிக்கு இரு வண்டிகளும் வெளியே வந்தன. கார்ட் வலப்பக்கம் அழகாகத் திரும்பியது; இடப்பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

கிண்ணியா

அன்றிரவே இளைஞர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். சீனன்குடாவின் பழைய எண்ணெய்க் குதங்கள் இருட்டில் யானைக் கூட்டம்போல் நின்றன. பிறகு பாலம் வந்தது. 2009-இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமான பாலம். அதற்குமுன் இந்த நீரைக் கடக்கப் பாதைப் படகு வரும்வரையில் காத்திருந்ததையும், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவதற்கு அதைவிடச் சிறந்த காரணம் இருந்ததில்லை என்பதையும் அவர் சொன்னார். பாலத்தின் இரு முனைகளிலும் வளைவு வந்தபோது நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் காது கொடுத்தோம். காற்றின் ஒலி மட்டுமே கேட்டது.

அவருடைய உம்மா புட்டும் மாட்டிறைச்சிக் கறியும் செய்திருந்தார்; சைவனுக்கென்று அவசர அவசரமாகப் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்தன. கடைசியில் வட்டிலப்பம் வந்தது. முட்டை சேர்ந்ததாயிற்றே என்று அந்த அம்மாள் தயங்க, ஏலக்காய் மணத்தில் என் ஆசாரம் தளர்ந்து, இரண்டு துண்டு தின்றேன் என்பதை என் வீட்டார் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நிலாவெளிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டி மணலில் இறங்கிவிட்டால், "நீங்க இருங்க" என்று ஓட்டுகிறவர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். பிடியை முறுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இறங்கித் தள்ளுங்கள்.